மோன் பிளான் உச்சிக்குத் திட்டமிடுகிறேன்: முகட்டில் வீசும் காற்றை எப்படிக் கணக்கில் கொள்வது?

முத்தியால்பேட்டை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன், வயது 33. இங்குள்ள பல குடும்பங்களைப் போலவே எங்கள் சொந்தக்காரர்களிலும் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். லியோனில் இருக்கும் என் பெரியப்பா மகன் வரும் ஜூலையில் என்னை அங்கே அழைத்திருக்கிறார். பள்ளிப் பாடத்தில் மவுண்ட் பிளாங்க் என்று படித்த, இங்கே பிரெஞ்சு படித்தவர்கள் மோன் பிளான் என்று சொல்லும் 4,808 மீட்டர் மலையில் இருவரும் சேர்ந்து ஏற வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. எனக்கும் ஆசைதான், ஆனால் ஆசையோடு கொஞ்சம் பயமும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். பர்வதமலையில் கடப்பாரைப் படிகளைப் பிடித்து ஏறியபோது கீழே பார்த்துக் கால் நடுங்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்கு ஒரு குழுவுடன் போனேன். அங்கே உச்சிக்குச் சற்றுக் கீழே, மறைப்பு எதுவும் இல்லாத முகட்டில், காலணியில் மாட்டியிருந்த முள்பட்டையைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றி முழங்காலுக்கு அடியில் வைத்தேன். அடித்த ஒரு காற்றில் அது பறந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. எங்களை அழைத்துச் சென்ற பையன் தன் பையிலிருந்து வேறொரு கையுறையை எடுத்துக் கொடுத்தான். அவன் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் திட்டம் இதுதான். சனிக்கிழமை இரவு லியோன் சேர்வது, ஞாயிறு ஓய்வு, திங்கள் மலை ரயிலில் போய் இறங்கி நடந்து தேத் ரூஸ் விடுதியில் தங்குவது, செவ்வாய் கூத்தே விடுதி, புதன் அதிகாலை உச்சி, அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவது. வழிகாட்டி வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார். கோடையில் அந்தப் பாதையில் நடந்த தடம் தெளிவாகத் தெரியுமாம், முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டே போகலாமாம். காற்றைப் பற்றிக் கேட்டால், "தானே புயலில் 140 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பார்த்த ஊர்க்காரன் நீ, 50 கிலோமீட்டருக்கா பயப்படுகிறாய்?" என்று சிரிக்கிறார். அண்ணன் தினமும் ஓடுகிறவர், நல்ல உடற்கட்டு. ஆனால் பனிமலை ஏறியதில்லை.

எந்த வேகத்துக்கு மேல் காற்று வீசினால் திரும்பிவிட வேண்டும்? வழிகாட்டி இல்லாமல் போகலாமா? ஒரு மேடு கூட இல்லாத இந்தக் கடற்கரை ஊரில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது? எனக்கு 12 நாள் விடுப்புதான் கிடைக்கும். அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். திட்டம் தவறு என்றால் தவறு என்றே சொல்லுங்கள்.

குருசுக்குப்பத்துப் பெண், இப்போது கிரெனோபிளில் (பதில்):

தம்பி, கேட்டதற்காகவே சொல்கிறேன்: திட்டம் தவறு. மலை தவறில்லை, அதற்கு நீங்கள் ஒதுக்கிய நாட்கள் தவறு.

நான் இங்கே வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. இந்த மலைக்கு மூன்று முறை போய் ஒரு முறைதான் உச்சியைத் தொட்டேன். மற்ற இரண்டு முறையும் திரும்பக் காரணம் காற்று. ஆகவே உங்கள் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கூத்தே விடுதி 3,835 மீட்டரில் இருக்கிறது. (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், பிரெஞ்சில் அதற்கு வேறு பொருள்.) அங்கிருந்து அதிகாலை இரண்டு மணி வாக்கில் கிளம்பி, 4,304 மீட்டர் உயரமுள்ள தோம் என்ற அகன்ற பனிக்குன்றின் தோளில் ஏறி, கழுத்துப் போன்ற ஒரு தாழ்வில் இறங்கி, மறுபடி சற்று ஏறினால் 4,362 மீட்டரில் வலோ என்ற உலோகப் பெட்டி போன்ற அவசரக் கொட்டகை வரும். அதுவரை காற்று தொல்லைதான் தரும். அதற்கு மேல் தொடங்கும் போஸ் முகட்டில் நிலைமை வேறு. போஸ் என்றால் திமில். ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமில்களைத் தாண்டி அந்த முகடு ஒடுங்கிக்கொண்டே உச்சி வரை போகிறது. சில இடங்களில் இரண்டு பாதங்களைச் சேர்த்து வைக்கும் அகலம்தான் இருக்கும், இரு பக்கமும் செங்குத்தான பனிச்சரிவு. முகட்டைக் குறுக்காகக் கடக்கும் காற்று, முன்னே தள்ளாமல் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். சாலையில் பக்கவாட்டில் இரண்டடி தள்ளாடினால் ஒன்றும் ஆகாது. அங்கே அந்த இரண்டடி கிடையாது.

நான் வைத்திருக்கும் விதி இது. 4,800 மீட்டருக்கான முன்னறிவிப்பில் சராசரிக் காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் விடுதியிலிருந்தே கிளம்ப மாட்டேன். 30க்கும் 40க்கும் இடையில் இருந்தால் வலோ வரை போய்ப் பார்ப்பேன். வலோ கொட்டகைக்கு வெளியே, முதுகுப்பையுடன், பனிக்கோடரியை ஊன்றாமல், கால்களை அகட்டாமல் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை என்றால் திரும்பிவிடுவேன். இவை என் எண்கள். வழிகாட்டிகள் பனியின் நிலையையும் தங்களோடு கயிற்றில் கட்டியிருப்பவரையும் பார்த்து வேறு எண் வைத்துக்கொள்வார்கள். எந்த எண்ணாக இருந்தாலும் அதை முதல் நாளே பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இருவரும் பேசி முடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, உச்சி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போது, காற்றின் இரைச்சலில் கத்திப் பேசி எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது. இரண்டாவது முறை நாங்கள் வலோவில் திரும்பியபோது மணி ஐந்தே கால்; என் தோழியின் மூன்று விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. எங்களுக்குப் பின்னால் வந்த குழு மேலே போனது. அவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டு நலமாகத் திரும்பியதை மறுநாள் ரயிலில் பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் உச்சியிலிருந்து பனித்தூள் ஒரு பக்கமாகக் கொடி போல நீளும் நாட்கள் உண்டு. இங்குள்ளவர்கள் அதைப் பார்த்து, மோன் பிளான் புகைக்குழாய் பிடிக்கிறது என்பார்கள். அன்று கீழே வெயில் சுட்டெரிக்கும். உணவகத்தின் வெளித் திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள் கையில்லாச் சட்டையில் இருப்பார்கள். அந்த வெயிலை நம்பாதீர்கள். உச்சியைத் தொப்பி போல மூடும் வழவழப்பான மேகமும் மேலே பலத்த காற்று இருப்பதைக் காட்டுவதே, சில மணி நேரத்தில் அது கீழே இறங்கி முகட்டையும் விழுங்கிவிடும். காற்றோடு மேகம் சேர்ந்தால் தோம் பகுதியில் தடம் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். அகன்று, அடையாளமே இல்லாமல், எல்லாத் திசையும் ஒன்று போல வெளுத்திருக்கும் அந்த இடத்தில் முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்ற அண்ணனின் எண்ணம் உதவாது, ஏனெனில் முன்னால் போகிறவரும் தெரிய மாட்டார். 1870 செப்டம்பரில் உச்சியிலிருந்து இறங்கிய 11 பேர் புயலில் வழி தெரியாமல் பனியில் குழி தோண்டி ஒடுங்கி, அத்தனை பேரும் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையடிவாரத்தில் உள்ள ஷமோனி ஊரின் வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும்தான். ஏறும்போதே பாதையை ஜி.பி.எஸ். கருவியில் பதிவு செய்துகொள்ளுங்கள், கைப்பேசி மின்கலத்தை உடம்போடு ஒட்டி உட்சட்டைப் பையில் வையுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். தேத் ரூஸ் விடுதி 3,167 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கூத்தேவுக்குப் போகும் வழியில் பெரிய கூலுவார் என்ற செங்குத்தான ஓடைச் சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஏறத்தாழ நூறு மீட்டர்தான் அகலம். மேலே பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கும் உறைபனி வெப்பத்தில் இளகுவதால் அங்கே கற்கள் விழுந்துகொண்டே இருக்கும். 1990க்குப் பிறகு அந்தப் பகுதியில் மட்டும் நூறு பேருக்கு மேல் உயிரிழந்திருக்கிறார்கள். உச்சிக் காற்றுக்குப் பயப்படுகிறவர்கள் இதைச் சாதாரணமாகக் கடந்துவிடுவதைப் பார்த்து எனக்கு வியப்பாக இருக்கும். கற்கள் அதிகம் விழுவது முற்பகல் பிற்பகுதியிலிருந்து மாலை வரை. உங்கள் திட்டப்படி புதனன்று உச்சியிலிருந்து களைத்து இறங்கி, சரியாக அந்த வேளையில்தான் அங்கே வந்து நிற்பீர்கள். ஆகவே கூத்தேவில் இரண்டு இரவுக்கு இடம் பிடியுங்கள்: உச்சிக்குப் போய்வந்து அங்கேயே தூங்கி, மறுநாள் விடியலில், எல்லாம் உறைந்திருக்கும்போது கூலுவாரைக் கடந்து இறங்குங்கள். 2022 கோடையில் வெப்பம் மிகுந்து கற்கள் விழுவது ஓயாததால் ஆகஸ்டில் அந்த இரண்டு விடுதிகளையுமே மூடினார்கள். அப்படி ஒரு ஆண்டு அமைந்தால் சண்டை போடாமல் வேறு மலைக்குப் போய்விடுங்கள்.

வழிகாட்டி கட்டாயம் வேண்டும். ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் 1821இல் தொடங்கியது, இந்தத் தொழிலில் அவர்களுக்கு இரண்டு நூற்றாண்டுப் பழக்கம். இந்தப் பாதையில் ஒரு வழிகாட்டி இருவருக்கு மேல் அழைத்துச் செல்ல மாட்டார், ஆகவே உங்கள் இருவருக்கும் ஒருவர் போதும். பனி அனுபவம் இல்லாத இருவர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஒடுங்கிய முகட்டில் நடப்பது, ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவதற்கான ஏற்பாடு மட்டுமே.

12 நாள் விடுப்பில் பயணத்துக்கு மூன்று நாள் போனால் ஒன்பது மிஞ்சும். முதல் மூன்று, நான்கு நாட்களை இத்தாலிப் பக்கம் இருக்கும் 4,061 மீட்டர் கிரான் பாரதிசோவில் செலவிடுங்கள். அது ஏற எளிது. காலில் கிராம்பான் (பனியில் நடக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முள்பட்டை) மாட்டி நடக்கப் பழகுவதற்கும் உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கும் நல்ல இடம். பிறகு ஒரு நாள் ஓய்வு, மோன் பிளானுக்கு நான்கு நாள். அந்த நான்கில் ஒன்று காற்றுக்காகக் காத்திருக்கும் நாள். அந்த நாள் இல்லாதவர்கள்தான் 55 கிலோமீட்டர் காற்றில் மேலே போகிறார்கள்.

தேவனாம்பட்டினம் ஆசிரியர் (பதில்):

நான் பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், கடலூர்க்காரன். மலையேறியவன் அல்ல, என் மகள்தான் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவள். அவளிடம் கேட்டதையும் எனக்குத் தெரிந்த காற்றுக் கணக்கையும் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணனின் தானே புயல் வாதத்தை முதலில் பார்ப்போம். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கரையேறியபோது நாம் யாரும் வெளியே நின்று அதை எதிர்கொள்ளவில்லை; கதவைச் சாத்திக்கொண்டு, பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் முறியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்தோம். காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது. 30 கிலோமீட்டர் வேகக் காற்று 60 ஆனால் தள்ளுவிசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். உண்மையைச் சொல்வதானால் உயரத்தில் சிறு சலுகையும் உண்டு: உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்குதான், ஆகவே அங்கே 60 கிலோமீட்டர் காற்று தள்ளுவது இங்கே 46 கிலோமீட்டர் காற்று தள்ளுவதற்குச் சமம். ஆனால் முன்னறிவிப்பில் வருவது சராசரி வேகம். இடைவிட்டு வரும் வீச்சு அதைவிட ஒன்றரை மடங்கு இருக்கலாம், ஆளைச் சாய்ப்பது அந்த வீச்சுதான். சீரான காற்றுக்கு உடம்பைச் சாய்த்து நடந்துவிடலாம். அது திடீரென்று நின்றால் சாய்ந்த பக்கமே விழ வேண்டியதுதான். மேலும் மலை முகட்டைத் தாண்டும் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். இரண்டு குன்றுகளுக்கு இடைப்பட்ட கழுத்துகளிலும் அப்படியே.

கார்த்திகை மாதம் வந்தால் கடலூரில் எல்லோர் கைப்பேசியிலும் காற்று முன்னறிவிப்பைக் காட்டும் விண்டி செயலி திறந்திருக்கும் அல்லவா? அதையே இதற்கும் பயன்படுத்தலாம், ஆனால் தரைக்காற்றைப் பார்க்கக் கூடாது. உயர அளவை மாற்றும் பட்டையில் 600 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு; உயரம் கூடக் கூடக் குறையும்) என்பது ஏறத்தாழ 4,200 முதல் 4,400 மீட்டர், 500 என்பது 5,500 முதல் 5,800 மீட்டர். உங்கள் உச்சி இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டையும் பார்த்து, வெவ்வேறு கணிப்பு மாதிரிகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று 25 என்றும் மற்றொன்று 55 என்றும் சொன்னால், நமக்குப் பிடித்த 25ஐ எடுத்துக்கொள்வது மனித இயல்பு. மேலே சகோதரி எழுதிய விதி எங்கள் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைப் போன்றது. கூண்டு ஏறிவிட்டால், கடல் அமைதியாகத் தெரிந்தாலும் படகை இறக்குவதில்லை. வானத்தைப் பார்த்து அப்போதைக்கப்போது வாதாடினால் கூண்டு எதற்கு?

குளிர்க் கணக்கும் காற்றோடு சேர்ந்ததே. வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருக்கும்போது 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு மைனஸ் 20 போல இருக்கும், 60 கிலோமீட்டர் வீசினால் மைனஸ் 23. வேகம் இரட்டித்தும் மூன்று டிகிரிதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்; குளிரைப் பொறுத்தவரை முதல் 30 கிலோமீட்டரே பெரும்பகுதிச் சேதத்தைச் செய்துவிடுகிறது. லேசான காற்றுதானே என்று கையுறையைக் கழற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சிக்கு என் மகள் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். துறைமுகத்தில் மீனுக்குப் பனிக்கட்டி உடைக்கும் ஐஸ் ஃபேக்டரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளே தடித்த கையுறையுடன் உட்கார்ந்து கயிற்று முடிச்சுப் போடுவது, கிராம்பான் வார் மாட்டுவது, இடுப்புப் பட்டையின் கொக்கியைத் திறந்து மூடுவது எல்லாவற்றையும் கையுறையைக் கழற்றாமலே செய்யப் பழகினாள். ஐஸ் உடைப்பவர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் முடிச்சைத் திருத்தவே ஆரம்பித்துவிட்டார்கள். கயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா! உங்கள் கேதார்காந்தா கையுறைக்கு அவள் சொல்லும் மருந்து, குழந்தைகளுக்குச் செய்வது போல இரண்டு கையுறைகளையும் நாடாவில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வது, அதற்கு மேல் பையில் உதிரியாக ஒரு ஜோடி.

காலுக்குப் பயிற்சி வேண்டுமானால் செஞ்சி ராஜகிரிக்குப் போங்கள். ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். பத்துக் கிலோ சுமையுடன் நான்கு முறை ஏறி இறங்கினால் கூத்தே விடுதியிலிருந்து உச்சிக்கு இருக்கும் 970 மீட்டருக்கு அருகில் வரும். இறங்குவதையும் சேர்த்தே பழகுங்கள். உங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் எத்தனை முறை நடந்தாலும் இதற்கு ஈடாகாது.

ஒரு இடத்தில் மட்டும் சகோதரியிடமிருந்து வேறுபடுகிறேன். வழிகாட்டி இருந்தால் போதும் என்ற தோற்றம் வரக் கூடாது. சறுக்கும்போது பனிக்கோடரியால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது ஒருவர் சொல்லிக் கொடுத்து, நூறு முறை விழுந்து எழுந்து கைக்கு வர வேண்டிய வித்தை. ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆண்டு அந்தப் பயிற்சி, அடுத்த ஆண்டு மணாலிப் பக்கம் 5,289 மீட்டர் ஃபிரெண்ட்ஷிப் சிகரம், அதற்குப் பிறகு பிரான்ஸ்.

கடலூர் மருத்துவர் (பதில்):

உயரம் பற்றி மட்டும் சில சொற்கள். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீங்கள் முதல் இரவு தூங்கத் திட்டமிட்டிருக்கும் விடுதி அதைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 55 விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கும். தினமும் ஓடுகிறவர் என்பதால் உங்கள் அண்ணனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே தொல்லை முன்னதாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. உங்கள் திட்டம் இரண்டாம் இரவிலேயே அதை மீறுகிறது. கிரான் பாரதிசோ யோசனை அதனால்தான் மிகச் சரியானது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். தலைவலியோடு மேலே ஏறக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, நள்ளிரவாக இருந்தாலும் உடனே இறங்க வேண்டும். காற்றில் தள்ளாடுகிறாரா, உயரத்தால் வரும் மூளை வீக்கத்தில் தள்ளாடுகிறாரா என்ற குழப்பம் முகட்டில் வரும். அந்தச் சோதனையை விடுதிக்குள்ளேயே, கிளம்பும் முன் செய்து பாருங்கள்.

அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம், நாளைக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் எடுக்கக் கூடாது. உங்கள் மருத்துவரைக் கேட்டு, ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். விரல் மரமரப்பு மாத்திரையாலா குளிராலா என்று மலையில் குழம்பாமல் இருக்க இந்த ஒத்திகை உதவும். குளிரில் வெளுத்த விரலைத் தேய்க்கக் கூடாது. மறுபடி உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும். மலைக்கு முந்தைய இரவு மது வேண்டாம். புதுச்சேரிக்காரரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

முத்தியால்பேட்டை (கேட்டவர்):

அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், மருத்துவருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனுக்கு இவை அனைத்தையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கூலுவார் பகுதி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வேகத்தின் வர்க்கம் என்ற கணக்கை மட்டும் தானே சரிபார்த்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார், இன்று காலை அழைத்து ஒப்புக்கொண்டார்.

நான்கு வாரப் பயிற்சிக்கு இந்த ஆண்டு விடுப்புக் கிடைக்காது. ஆகவே இப்படி மாற்றியிருக்கிறோம்: வரும் ஜூலையில் கிரான் பாரதிசோ மட்டும், ஒரு வழிகாட்டியுடன், அதற்கு முன் இரண்டு நாள் பனியாற்றில் கோடரி, கிராம்பான் பயிற்சி. அதில் இருவரும் தேறினால் அதற்கடுத்த ஆண்டு மோன் பிளான், கூத்தேவில் இரண்டு இரவுடன். விதியையும் எழுதிவிட்டோம்: 40 கிலோமீட்டர். அண்ணன் 45 என்றார், நான் 35 என்றேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 1966இல் ஹோமி பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் விழுந்தது இந்த மலையில்தானே, அந்த இடம் வழியில் வருமா? விடுதி முன்பதிவையும் காப்பீட்டையும் எப்போது, எப்படிச் செய்ய வேண்டும்?

குருசுக்குப்பத்துப் பெண், இப்போது கிரெனோபிளில் (பதில்):

மாற்றிய திட்டம் நன்றாக இருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன வேறுபாட்டையும் ஏற்கிறேன். நான் பயிற்சியைப் பற்றி எழுதாமல் விட்டது பிழை.

ஆம், 1966 ஜனவரி 24 அன்று காஞ்சன்ஜங்கா என்ற பெயருள்ள அந்த போயிங் விமானம் உச்சிக்கு அருகே மோதி 117 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1950 நவம்பர் 3 அன்று மலபார் பிரின்சஸ் என்ற இன்னொரு ஏர் இந்தியா விமானமும் இங்கேயே மோதியது. போஸ் முகட்டில் இரண்டு திமில்களைத் தாண்டியதும் 4,677 மீட்டரில் தூர்னெத் பாறைகள் வரும். மலபார் பிரின்சஸ் மோதியது அவற்றின் அருகேதான். விமானங்களின் சிதறல்களைப் போசோன் பனியாறு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2012இல் அதிலிருந்து இந்திய அரசின் தபால் பை ஒன்று கிடைத்தது. முகட்டில் நின்று தேடினால் எதுவும் தெரியாது, அங்கே நிற்கவும் வேண்டாம்.

உயரத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம்: உச்சியில் இருப்பது பனிக்குல்லாய், காற்று அதை ஆண்டுக்காண்டு செதுக்குகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அளக்கிறார்கள், 2023இல் 4,805.59 மீட்டர்.

காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பு எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், பல பயணக் காப்பீடுகள் கயிறும் கிராம்பானும் பயன்படுத்தும் ஏற்றத்தை விலக்கிவிடும். ஹெலிகாப்டர் மீட்பும் மருத்துவமனைச் செலவும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மலையில் அவசர எண் 112. மலை ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூத்தே விடுதி முன்பதிவு கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே திறக்கும், நல்ல நாட்கள் விரைவில் தீர்ந்துவிடும். முன்பதிவு இல்லாமல் அந்தப் பாதையில் ஏற விடுவதில்லை. வழியில் நிறுத்திக் கேட்பார்கள். பதிவு ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக இருக்க வேண்டும், அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுவார்கள். நம் ஊர்க் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், நம் பெயர் இடப்பட்ட பெயராகவும், சிலருக்கு இரண்டும் ஒரே கட்டத்திலும் இருக்கும். அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள். அண்ணனிடம் பிரெஞ்சு அடையாள அட்டை இருந்தால் அவர் பெயர் உங்களுடையதிலிருந்து வேறு வரிசையில் இருக்கும், அவருக்கு அதன்படியே.